குரல் பதிவில் மைக்கின் பங்கு எவ்வளவு? வீட்டு ஸ்டுடியோக்களுக்கு ஒரு விளக்கம்

ஆடி நெருங்கினால் வேலூர்ப் பக்கம் பாட்டு ரெகார்டிங் வேலை சூடு பிடிக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை, திருத்தணி என்று காவடிகள் கிளம்புவதற்குள் முருகன் பாட்டு யூடியூபில் ஏறியாக வேண்டும். கூழ் வார்க்கும் நாளுக்குள் அம்மன் பாட்டு தயாராக இருக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் கிறிஸ்துமஸ் பாடல்கள் வரிசை கட்டும். முன்பு இதற்கெல்லாம் சென்னைக்கு ரயிலேறினார்கள். இப்போது சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு படுக்கையறை, லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் என்று வேலை முடிந்துவிடுகிறது.

பதிவு திருப்தியாக வராதபோது இந்த அறைகளில் முதலில் சந்தேகப்படுவது மைக்கைத்தான். "இதைவிட நல்ல மைக் வாங்கினால் குரல் தெளிவாக வருமா?" என்ற கேள்விக்கு நேரடியான பதில் இது: மைக் முக்கியம்தான், ஆனால் அதற்கு நான்காவது இடம். முதலில் பாடுகிறவர், அடுத்து அறை, மூன்றாவது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரமும் கோணமும், அப்புறம்தான் மைக். முதல் மூன்றில் ஒன்று கோணலாக இருந்தாலும் லட்ச ரூபாய் மைக் அந்தக் கோணலை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து தரும். மூன்றும் சரியாக இருந்தால், சில குரல்களுக்கும் சில சூழல்களுக்கும் மைக் தேர்வு உண்மையிலேயே பெரிய வித்தியாசம் காட்டும்.

## மைக் செய்யும் வேலை

காற்றில் வரும் அழுத்த மாற்றத்தை மின்சாரமாக மாற்றுவது மட்டுமே மைக்கின் வேலை. அதற்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சவ்வின் அசைவு எப்படி மின்சாரமாகிறது என்பதை வைத்து வகை பிரிகிறது.

1. டைனமிக் மைக்: சவ்வின் பின்னால் ஒட்டிய சிறு கம்பிச் சுருள், காந்தத்துக்கு நடுவே அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். சுருளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் சவ்வு கொஞ்சம் கனம். மிக உயர்ந்த அதிர்வெண்களுக்கு, அதாவது கீச்சென்ற மேல் சத்தங்களுக்கு, அது அவ்வளவு வேகமாக அசையாது. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகை. ஊரில் மேடைக் கச்சேரி, கட்சிக் கூட்டம் எங்கே போனாலும் அதையோ அதன் நகலையோ பார்க்கலாம்.

2. கண்டென்சர் மைக்: சில மைக்ரான் தடிமனே உள்ள, உலோகம் பூசிய சவ்வு ஒரு தகட்டுக்கு முன்னால் நின்று அசையும். சுருள் கிடையாது என்பதால் எடை மிகக் குறைவு, நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவை. இன்டர்ஃபேஸில் '48 வோல்ட்' என்று இருக்கும் பட்டன் அதற்குத்தான். 1967இல் வந்த நியூமன் யு87 இன்றுவரை பெரிய ஸ்டுடியோக்களில் குரலுக்கு நிற்கும் கண்டென்சர்.

ரிப்பன் என்று மூன்றாவது வகையும் உண்டு. வீட்டு ஸ்டுடியோக்களில் அது அபூர்வம்.

கண்டென்சர்தான் உயர்ந்தது, டைனமிக் மேடைக்கு மட்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. 1982இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் அவர் குரலுக்கு ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் பெரிதும் பயன்படுத்தியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கைத்தான். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மைக்குகள் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. இதைக் கேள்விப்பட்டதும் அந்த மைக்கைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாடகரையும், ஒலிக்கென்றே கட்டிய அறையையும், மைக்கை வைத்தவரின் பல ஆண்டு அனுபவத்தையும் சேர்த்து வாங்க முடியாது என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

## இரண்டு மைக்குகளுக்கு நடுவே உண்மையில் என்ன வித்தியாசம்?

ஒவ்வொரு மைக்குடனும் ஒரு வரைபடம் வரும். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதை அது காட்டும். குரலின் முக்கியப் பகுதி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸிலிருந்து (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) 8,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லைக்குள் இரண்டு நல்ல மைக்குகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் சில டெசிபெல்தான் (டெசிபெல் சத்தத்தின் அளவு). கண்டென்சர்கள் பலவற்றில் 8,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். கேட்பவர்கள் 'பளிச்சென்று இருக்கிறது' என்று சொல்வது அதைத்தான். எஸ்எம்58இல் 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டி ஒரு மேடு உண்டு, 12,000க்கு மேல் இறங்கிவிடும்.

இந்த மேடு பள்ளங்களில் கணிசமான பகுதியைப் பதிவுக்குப் பிறகு ஈக்யூவில், அதாவது அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவியில், கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆனால் குரலோடு கலந்து பதிவான அறை எதிரொலியை ஈக்யூவால் பிரிக்க முடியாது. எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அழுத்திப் பயன்படுத்தினால் குரலின் உயிரையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போய்விடுகின்றன. வரிசையில் அறைக்கு ஏன் மைக்கைவிட மேலான இடம் தருகிறோம் என்பதற்குக் காரணம் இதுதான்.

## ஒரு சாண் செய்யும் வேலை

தூரம் இரட்டிப்பானால் நேரடிச் சத்தம் 6 டெசிபெல் குறையும். திறந்த வெளியில் ஒலி பரவும் விதியே அது. பாடகர் அரைச் சாண் தூரத்தில் ஆரம்பித்து, உணர்ச்சி வேகத்தில் ஒரு சாண் தள்ளிப் போனால் குரல் 6 டெசிபெல் இறங்கிவிடும். இரண்டு சாண் போனால் 12. இரண்டு மைக்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட இது அதிகம்.

அறையின் எதிரொலியோ மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். எனவே பாடகர் விலக விலகக் குரல் இறங்கும், அறைச் சத்தம் அப்படியே நிற்கும். கெய்னை, அதாவது இன்டர்ஃபேஸில் மைக்கின் சத்தத்தை ஏற்றும் அளவை, கூட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறும். பல்லவி நெருக்கமாகவும் சரணம் எங்கோ தூரத்திலும் ஒலிக்கும் பதிவுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இவ்வளவுதான்.

ரொம்ப நெருங்கினாலும் வேறொரு சிக்கல். ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்கும் மைக்குகளில் வாய் நெருங்க நெருங்கக் கீழ்க்குரல் கூடும். இரண்டு மூன்று விரல் தூரத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபெல்கூட ஏறலாம். ஆண் குரல் கம்பீரமாகத் தோன்றும், ஆனால் சொற்கள் மங்கும். பெரும்பாலான குரல்களுக்கு அரைச் சாணிலிருந்து ஒரு சாண் வரை நல்ல தூரம். தரையில் ஒரு டேப் ஒட்டி, பாடகரின் கால்விரல் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோணமும் இதே அளவு வேலை செய்யும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பழனி' என்று சொல்லிப் பாருங்கள். காற்று லேசாகத்தான் படும். தமிழில் 'ப' மூச்சைத் தள்ளாத ஒலி. அடுத்து, அம்மன் பாட்டில் வரும் 'பவானி', 'பக்தி' போன்ற சொற்களை வடமொழி உச்சரிப்பில் அழுத்திச் சொல்லுங்கள். கையில் காற்று அடிக்கும். மைக்கில் 'டப்' என்று இடிப்பது அந்தக் காற்று. காற்று நேராகப் போகும், சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்து, வாயைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் இடிப்பு பெரிதும் குறையும். அதோடு மைக்குக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரையும் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

## அறை: பணம் முதலில் போக வேண்டிய இடம்

இப்போது கட்டும் வீடுகளில் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, பூசிய சுவர். உயரமும் பத்தடி. ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடைப்பது கடினம்.

காரணத்தைக் கணக்கோடு பார்க்கலாம். பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். வேலூர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டி மோதி நிலைத்து நிற்கும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை 57 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 115, 172 என்று போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்களே குவியும். ஆண் குரலின் அடிச் சுருதி அடிக்கடி நடமாடும் இடம் இந்த 115, 172 பக்கம்தான். பாட்டில் சில ஸ்வரங்கள் மட்டும் திடீரென்று குமுறுவதும், பக்கத்து ஸ்வரம் சோர்ந்து கேட்பதும் இதனால். எந்த மைக்கை மாற்றினாலும் இது போகாது.

பழைய ஓட்டு வீட்டில் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கும். சாய்ந்த கூரை தரைக்கு இணையாக இல்லை. ஓடுகளின் இடுக்கு வழியே ஒலியும் கொஞ்சம் கசிந்துவிடும். அறை அவ்வளவாகக் குமுறாது. வெளிச்சத்தம் உள்ளே வருவதுதான் அங்கே பிரச்சினை.

கான்கிரீட் அறையைத் திருத்த வேண்டுமானால் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'ட்ர்ரிங்' என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். அந்த இடத்தில் பாட வேண்டாம்.

2. சரியாக நடுவிலும் மூலையிலும் மைக்கை வைக்காதீர்கள். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது பாதுகாப்பு.

3. மைக்குக்குப் பின்னால் வளைவாக ஃபோம் தடுப்பு வைப்பதுதான் பலரும் செய்வது. ஒருபக்கம் கேட்கும் மைக் தன் முதுகுப் பக்கத்தை ஏற்கெனவே பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. அது முகம் கொடுத்துப் பார்ப்பது பாடகரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஒலியை உறிஞ்சும் மெத்தை இருக்க வேண்டியது அந்தச் சுவர்ப் பக்கம்.

4. ஒரு அங்குல ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் விழுங்கும், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு அநேகமாக வேலையே இல்லை. அறை முழுக்க அதை ஒட்டினால் ட்ரெபிள் செத்து, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். முட்டை அட்டையும் கோரைப்பாயும் அதற்கும் குறைவான பலன். நான்கு அங்குல இலவம் பஞ்சு மெத்தை இவை எல்லாவற்றையும்விட நன்றாக உறிஞ்சும். அது வீட்டிலேயே இருக்கும்.

5. அந்த மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் உள்ளங்கை அகல இடைவெளி விட்டு நிறுத்துங்கள். சுவரில் மோதும் இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளியே அவை மிக வேகமாக அசைகின்றன, பஞ்சு அவற்றின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அங்கேதான். 500 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் சுமார் 17 செ.மீ. இடைவெளியும் மெத்தையும் சேர்ந்தால் அதை எட்டிவிடும்.

6. இரும்பு பீரோவை வெளியே தள்ளுங்கள், முடியாவிட்டால் போர்வை போர்த்துங்கள். உரத்த குரலுக்கு அதன் கதவு கூடவே அதிரும்.

## இரைச்சல்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மைக் விளம்பரங்களில் 'சுய இரைச்சல்' என்று ஒரு எண் இருக்கும். சத்தமே இல்லாத இடத்தில் வைத்தாலும் மைக் தானே எழுப்பும் மெல்லிய உஸ் அது. ரோட் என்டி1-ஏ மைக்கில் அது 5 டெசிபெல். மிகக் குறைவு, பாராட்ட வேண்டிய எண். ஆனால் நள்ளிரவில் அமைதியான வீட்டு அறையிலேயே 25, 30 டெசிபெல் சத்தம் இருக்கும். ஃபேன் ஓடினால் 40ஐத் தாண்டும். சத்துவாச்சாரியில் தேசிய நெடுஞ்சாலையின் லாரி ஹாரன், காட்பாடியில் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலின் ஊதல் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தால் 5க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் காதில் விழவே விழாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த அறைகளில் வீண்.

கண்டென்சர் 'அறைச் சத்தத்தை அதிகமாக இழுக்கும்', டைனமிக் 'இழுக்காது' என்ற பேச்சையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இரண்டும் ஒரே திசைப் பாங்குடன் (எந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்கும், எதை ஒதுக்கும் என்ற தன்மை), ஒரே தூரத்தில், ஒரே அளவுக்குச் சத்தம் வைத்துக் கேட்கப்பட்டால் குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். டைனமிக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறோம், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். வித்தியாசம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்திப் பாடச் சொல்வது கொடுமைதான். அறையை ஏசியில் நன்றாகக் குளிர வைத்து, டேக் எடுக்கும்போது மட்டும் நிறுத்தலாம். ஏசி இல்லாதவர்களுக்கு விடியற்காலை நான்கிலிருந்து ஆறு மணி நல்ல நேரம். தெருவும் அடங்கியிருக்கும், குரலைத் திறக்க மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

## மைக் தேர்வு முக்கியமாகும் இடங்கள்

அறையும் தூரமும் சரியான பிறகு, எந்த மைக் என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது.

முதலாவது, சகரம் சீறும் குரல். 'சரவணபவா', 'சண்முகா', 'சாமி' என்று முருகன் பாட்டு முழுக்க ச, ஷ வரிசைதான். அந்தச் சீறல் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸில் குவிகிறது. மலிவான கண்டென்சர்கள் பலவற்றின் மேடு அதே இடத்தில் தொடங்குகிறது. சிலருக்கு இயல்பிலேயே சீறல் அதிகம். இரண்டும் சேர்ந்தால் ஹெட்போனில் காதைக் கீறும். மைக்கை 20, 30 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் மேடு இல்லாத டைனமிக் மைக்தான் தீர்வு. இங்கே மைக்கை மாற்றுவது நிஜமாகவே பாட்டைக் காப்பாற்றும்.

இரண்டாவது, தெருக்கூத்துக் குரல். வட ஆற்காடு கூத்துக்குப் பேர்போன மண். மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய வயல்வெளி முழுக்கக் கேட்கப் பாடிப் பாடிப் பழகிய குரல் அது. தொண்டை திறந்து, உச்சத்தில், மேல் அதிர்வெண்களில் கூர்மையாக நிற்கும். மேடுள்ள கண்டென்சரை ஒரு சாணில் வைத்தால் அந்தக் கூர்மை இரட்டிப்பாகிக் குத்தும். டைனமிக் மைக், இரண்டு சாண் தூரம், நன்றாகத் திருத்திய அறை மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் குரலின் வீரியம் அப்படியே வரும். கெய்ன் வைக்கும்போது, ஒத்திகையில் கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் எவ்வளவு கத்தினார் என்பதை நம்ப வேண்டாம். அரங்கேறும்போது அதற்கும் மேலே போவார். உச்சம் மைனஸ் 12 டெசிபெலில், அதாவது மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்துக்கு 12 கீழே, நிற்கும்படி வைத்து, மென்பொருளில் 24 பிட் தரத்தைத் தேர்ந்து பதிவு செய்தால் இரைச்சலைப் பற்றிய கவலையும் இல்லை. குரல் 'உடைவது' பெரும்பாலும் மைக்கில் நடப்பதில்லை, இன்டர்ஃபேஸில்தான்.

மூன்றாவது, பாட்டும் வாத்தியமும் ஒரே அறையில். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, பின்பாட்டு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாடினால் திசைப் பாங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒருபக்கம் கேட்கும் கார்டியாயிட் மைக்கின் முதுகு மிகக் குறைவாகக் கேட்கும், அந்த முதுகை மிருதங்கத்தின் பக்கம் திருப்புங்கள். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவப் பாங்குள்ள மைக்குக்கு இரு பக்கவாட்டும் ஏறக்குறைய செவிடு. வாத்தியக்காரர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் அது இன்னும் நல்லது.

நான்காவது, மெல்லிய குரல். தாலாட்டு, தியானப் பாடல், காதோடு பேசுவது போன்ற ஜெபப் பாட்டு. இங்கே கண்டென்சருக்கு ஈடு இல்லை. எண்ணில் சொன்னால், ஒரே அளவு சத்தத்துக்கு என்டி1-ஏ சுமார் 25 மில்லிவோல்ட் தரும். 2001இல் வந்து இப்போது பாட்காஸ்ட் வீடியோக்களில் எங்கும் தெரியும் ஷூர் எஸ்எம்7பி சுமார் 1.1 மில்லிவோல்ட்தான் தரும். வித்தியாசம் 27 டெசிபெல். அந்த மைக்குக்கு 60 டெசிபெல் அளவுக்குச் சுத்தமான கெய்ன் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் உஸ் என்ற இரைச்சலும் கூடவே ஏறும். வீடியோவில் பார்த்து எஸ்எம்7பி வாங்கியவர்கள் "சத்தமே வரவில்லை" என்று சொல்வதற்குக் காரணம் இது. மைக்கில் குறை எதுவும் கிடையாது. மெல்லப் பாடுகிறவருக்கும் சாதாரண இன்டர்ஃபேஸுக்கும் அது பொருந்தாத ஜோடி, அவ்வளவுதான்.

கண்டென்சர் வாங்குகிறவர்கள் ஐப்பசி மழையையும் நினைவில் வைக்க வேண்டும். சவ்வில் ஈரம் ஏறினால் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைப்பது கட்டாயம்.

## வாங்கும் முன் ஒரு சோதனை

நண்பரிடமோ வாடகைக்கோ இரண்டு மைக் கிடைத்தால் இப்படி ஒப்பிடலாம்.

1. இரண்டையும் ஒரே ஸ்டாண்டு உயரத்தில், தலைகள் ஒட்டியபடி வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாகப் பாடினால் பாடகரின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள்.

2. இரண்டு ட்ராக்கின் சத்தத்தையும் மீட்டரைப் பார்த்துச் சமமாக்குங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருக்கும் ட்ராக் காதுக்கு 'தரமாக'த் தோன்றும். இந்த ஒரு படியை விட்டால் சோதனையே பயனில்லை.

3. ட்ராக்கின் பெயர்களை வேறொருவர் மாற்றி வைக்கட்டும். எது எது என்று தெரியாமல், மறுநாள் காது ஓய்ந்தபின் கேளுங்கள்.

4. குரலை மட்டும் கேட்காமல், பம்பை, உடுக்கை, கீபோர்டு எல்லாம் சேர்த்த பிறகும் கேளுங்கள். தனியாகத் தெரிந்த வித்தியாசம் பாதி அங்கேயே கரையும்.

5. பாட்டு கடைசியில் ஒலிக்கப்போகும் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 5,000, 6,000 வரைதான் நன்றாகத் தரும். ஃபோன் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் அநேகமாக இருக்காது. அங்கேயும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் விலை உயர்ந்ததை வாங்குங்கள். முடியாவிட்டால் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு மெத்தையும் உறுதியான ஒரு ஸ்டாண்டும் வாங்கிவிட்டு, பாடகருக்கு இன்னொரு நாள் ஒத்திகைக்கு நேரம் கொடுங்கள்.